பிழைத்தவன் சாட்சி

கீழாநெல்லி காமாலையைத் தீர்க்கும் என்பது எனக்குத் தெரியும் என்று முப்பது வயதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். நம்புகிறேன் என்றோ கேள்விப்பட்டிருக்கிறேன் என்றோ சொல்லவில்லை. தெரியும் என்றுதான் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகவும் நினைத்தேன். என் உடம்பே அதற்கு அத்தாட்சியாக இருந்தது. 1964ல், எனக்குப் பதினொரு வயதில், கண் மஞ்சளாகி, சோற்றைக் கண்டால் குமட்டித் திண்ணையில் சுருண்டு கிடந்தேன். அம்மா வாய்க்கால் வரப்பிலிருந்து கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுத்தாள். உப்பில்லாப் பத்தியம். மூன்று வாரத்தில் கண் வெளுத்தது. பள்ளிக்கூடம் போனேன். இதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும்?

1983ல் அதே செடியை அதே அம்மியில் நான் அரைத்தேன், அப்பாவுக்காக. அந்த இரண்டு அரைப்புகளுக்கும் நடுவில் இருப்பது என்ன என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். விஷயம் மூலிகையைப் பற்றியது போலத் தோன்றும். என் மனசில் இருப்பது, ஒரு மனிதன் எப்போது 'எனக்குத் தெரியும்' என்று சொல்லலாம் என்கிற கேள்வி.

அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கண்ணில் மஞ்சள் கண்டதும் எங்களுக்குள் பேச்சே எழவில்லை. மறுநாள் காலையிலேயே மருந்து ஆரம்பமாகிவிட்டது. நாலைந்து நாளில் மஞ்சள் குறைந்தது. "பாத்தியா" என்றாள் அம்மா. பத்தாம் நாள் திரும்பவும் ஏறியது. பத்தியம் முறிந்துவிட்டது என்று தீர்மானித்தோம். பக்கத்து வீட்டு விசேஷத்தில் அவர் ஓர் அப்பளம் சாப்பிட்டிருந்தார். பத்தியத்தை இறுக்கினோம். மறுபடி குறைந்தது, மறுபடி ஏறியது. செடி வாடியிருந்ததோ, விடிந்தபின் பறித்ததோ, மோர் புளித்திருந்ததோ என்று ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. இராத்திரி முழுக்க உடம்பைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். மலம் களிமண் மாதிரி வெளுத்துப் போவதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பார்த்தும் அதில் ஒரு செய்தி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மருந்துதான் தெரிந்திருக்கிறதே.

ஐந்தாவது வாரம் குளிர்க்காய்ச்சல் கண்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பித்தக்குழாயில் கல். கல் நகரும்போது வழி கொஞ்சம் திறக்கும், மஞ்சள் குறையும். திரும்ப அடைக்கும், மஞ்சள் ஏறும். கீழாநெல்லியின் வெற்றி என்றும் பத்தியத்தின் தோல்வி என்றும் நாங்கள் மாறிமாறிக் கணக்கெழுதியதெல்லாம் ஒரு கல்லின் அசைவைத்தான். அடைபட்ட இடத்தில் சீழ் பிடித்து விஷம் ரத்தத்தில் கலந்திருந்தது. "ஏன் இத்தனை நாள் வீட்லயே வச்சிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் விதி என்றார்கள், வயசு என்றார்கள், அந்த அப்பளத்தைப் பற்றியும் பேசினார்கள். கீழாநெல்லி கைவிட்டுவிட்டது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வந்தவர்களில் ஒருவர், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அதே செடியால் நான் பிழைத்ததை நினைவுபடுத்தி எனக்கு ஆறுதல் சொன்னார். என் பிழைப்பு செடியின் கணக்கில் ஏறியிருந்தது. அப்பாவின் சாவு யார் கணக்கிலும் ஏறவில்லை.

*

காமாலை என்பது ஒரு வியாதியின் பெயர் அல்ல. ஓர் அடையாளத்தின் பெயர். ஈரல் வீங்கினாலும் மஞ்சள், குழாய் அடைத்தாலும் மஞ்சள், ரத்தம் உடைந்தாலும் மஞ்சள். பதினொரு வயதில் எனக்கு வந்தது, இப்போது யோசித்தால், எங்கள் வாய்க்கால் தண்ணீர் தந்த ஹெபடைடிஸ் ஏ ஆகத்தான் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அது சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். கீழாநெல்லி கொஞ்சம் ஒத்தாசை செய்திருக்கலாம். செய்யாமலும் இருந்திருக்கலாம். மோரும் ஓய்வும் மட்டுமே போதுமானதாக இருந்திருக்கலாம். இதில் எது உண்மை என்பது என் உடம்புக்குத் தெரியாது. அது அந்த மூன்று வாரத்தை ஒரு தடவைதான் வாழ்ந்தது. கீழாநெல்லி குடிக்காத இன்னொரு நான் அந்தத் திண்ணையின் மறுகோடியில் படுத்திருக்கவில்லை.

அனுபவம் என்ற சொல்லை நாம், எழுதுகிறவர்கள், மிகுந்த மரியாதையோடு உபயோகிக்கிறோம். கோட்பாட்டுக்கு எதிராக, வாய்பாட்டுக்கு எதிராக, நமக்கு இருக்கிற கடைசி அரண் அதுதான் என்று பேசிவந்திருக்கிறோம். இலக்கியத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஒரு கவிதை என்னைத் தொட்டதா இல்லையா என்பதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஆனால் ஒரு மருந்து என்னைக் குணப்படுத்தியதா என்பதற்கு நான் நல்ல சாட்சி அல்ல. குணமானேன் என்பதற்கு மட்டும்தான் நான் சாட்சி. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு சொல்லளவுதான். என் அப்பா அந்த இடைவெளியில் விழுந்து செத்தார்.

இன்னொன்றும் உண்டு. பேசுகிறவன் எப்போதும் பிழைத்தவன்தான். செத்தவன் வந்து சாட்சி சொல்வதில்லை. ஊரில் காமாலைக்கு மருந்து கொடுக்கிற வீட்டுத் திண்ணையில் நன்றி சொல்ல வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பலிக்காதவர்கள் திரும்பி வரமாட்டார்கள். கொடுக்கிறவருடைய நாணயத்தில் ஒரு குறையும் இல்லாமலே, காசுக்கு ஆசைப்படாமலே, அவர் அறுபது வருஷம் ஒரு தவறான கணக்கை நெஞ்சறிய நம்பி வாழ்ந்துவிட முடியும். பிழை என்ற ஒரே சொல்லைத் தமிழ் தப்பிப்பதற்கும் தவறுவதற்கும் வைத்திருக்கிறது. எப்படி அப்படி அமைந்தது என்று மொழியறிந்தவர்கள் சொல்லட்டும். எனக்கு அது இந்த இடத்தில் பொருத்தமாகப் படுகிறது. பிழைத்தவன் சாட்சியில் ஒரு பிழை உட்கார்ந்திருக்கிறது.

*

மூலிகை என்று பேச்செடுத்தால் நம் மத்தியில் இரண்டு குரல்கள் எழும்பும். ஒன்று, எல்லாம் நம் முன்னோர்களுக்குத் தெரியும் என்பது. மற்றது, எல்லாம் பச்சிலைப் பித்தலாட்டம் என்பது. முதல் குரலுக்குப் பழம்பெருமை தேவைப்படுகிறது. இரண்டாவது குரலுக்குத் தான் நவீனமானவன் என்று காட்டிக்கொள்வது தேவைப்படுகிறது. இரண்டுக்கும் செடி தேவைப்படவில்லை, நோயாளி தேவைப்படவில்லை. பத்துப் பேருக்குக் கொடுத்தபோது என்ன ஆயிற்று, கொடுக்காத பத்துப் பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிற பொறுமை இரண்டு பேரிடமும் கிடையாது.

முதல் குரலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். என் வீட்டின் குரல் அதுதான். மரபைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு அது மரபின் ஒரு முக்கியமான பகுதியை மறைத்துவிட்டது. பழைய வைத்தியம் நோய்களைச் சாத்தியம், அசாத்தியம் என்று பிரித்து வைத்திருக்கிறது. இன்ன குறி கண்டால் தீராது, கையை எடுத்துவிடு என்று சொல்லித் தந்திருக்கிறது. நாடி பார்த்தார்கள். நீரில் எண்ணெய் விட்டு அது பரவுகிற விதம் பார்த்தார்கள். அந்த முறைகள் எவ்வளவு தூரம் சரி என்பது வேறு விஷயம். தன் மருந்துக்கு ஓர் எல்லை உண்டு என்கிற பிரக்ஞை அவர்களிடம் இருந்தது. நம் வீட்டு அம்மிக்கு வந்து சேர்ந்தபோது அசாத்தியம் என்ற பக்கம் கிழிந்து, செடியின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மரபு என்று நாம் கையில் வைத்திருப்பது பெரும்பாலும் இப்படி எல்லைகள் உதிர்ந்துபோன மிச்சம்தான்.

குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதில் ஒரு செடியின் பெயர்கூடக் கிடையாது. வைத்தியத்துக்கு வள்ளுவர் நான்கு அங்கம் சொல்கிறார். நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவன். அந்தக் கடைசி ஆளை எதற்காகச் சேர்த்தார் என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. அரைத்துக் கொடுக்கிற கைக்காக மட்டும் இருக்காது என்று இப்போது நினைக்கிறேன். பார்க்கிற கண்ணுக்காகவும் இருக்க வேண்டும். 1983ல் அந்த நாலாவது ஆள் நான். கை வேலை செய்தது. கண் வேலை செய்யவில்லை.

*

கண்ணால் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்பா இறந்து ஐந்து வருஷம் கழித்து, 1988ல், சென்னையில் தியாகராஜனும் அவருடன் வேலை செய்தவர்களும் கீழாநெல்லியை வைத்து நடத்திய ஒரு சோதனை லான்ஸெட் பத்திரிகையில் வெளிவந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியை உடம்பில் சுமந்துகொண்டிருப்பவர்களுக்கு முப்பது நாள் மருந்து. ஒரு சாராருக்குக் கீழாநெல்லித் தூள், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. செடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது. அந்த அடையாளத்தைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அந்தக் கட்டுரையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு விநோதமான சந்தோஷம் உண்டாயிற்று. அம்மா கெட்டிக்காரி, நாங்கள் முட்டாள்கள் அல்ல, அப்பா தப்பான வியாதியில் மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான் என்று.

சந்தோஷம் நீடிக்கவில்லை. தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனம் வேறாக இருக்கலாம், மண் வேறாக இருக்கலாம், பறித்த பருவம் வேறாக இருக்கலாம் என்றெல்லாம் பேச்சு நடந்தது. உண்மையிலேயே கீழாநெல்லி என்று கடையில் விற்கிற சருகில் ஒன்றைப்போல ஒன்று தோன்றும் மூன்று நாலு இனங்கள் கலந்திருப்பது உண்டு. ஆனாலும் பிற்பாடு எல்லாச் சோதனைகளையும் சேர்த்து எடைபோட்டவர்களால், ஹெபடைடிஸ் பிக்கு அது வேலை செய்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்த இரண்டாவது செய்தி, முதல் செய்தி எட்டிய இடங்களில் பாதிக்குக்கூட வந்து சேரவில்லை. இன்றைக்கும் கீழாநெல்லியைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1988ஐச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். பக்கம் கிழிகிற வழக்கம் நம் வீட்டு அம்மியோடு முடிந்துவிடவில்லை.

மண் வேறு, பருவம் வேறு என்பதை அப்பளம், புளித்த மோர் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன். பேச்சு ஒன்றுதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பலிக்காத சோதனையை அங்கே யாரோ எழுதி வைத்தார்கள், அச்சிட்டார்கள். சமாதானம் சொல்கிறவன் அந்த எண்ணிக்கையின் முன்னால் நின்றுகொண்டு சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் நாங்கள் எதன் முன்னாலும் நிற்க வேண்டியிருக்கவில்லை.

சீனத்தில் நடந்ததைப் பாருங்கள். நாலாம் நூற்றாண்டில் கெ ஹோங் என்பவர் எழுதி வைத்த அவசர வைத்தியக் குறிப்பில், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ஒரு பச்சிலை சொல்லியிருக்கிறது. ஒரு கைப்பிடி இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழிந்து குடி என்று. மலேரியாவுக்கு மருந்து தேடி 1967ல் ஆரம்பித்த ராணுவத் திட்டத்தில் பிற்பாடு சேர்ந்த தூ யூயூ, பழைய ஏடுகளிலிருந்து இரண்டாயிரம் முறைகளைத் திரட்டினார். ஏறக்குறைய இருநூறு மூலிகைகளிலிருந்து முந்நூற்று எண்பதுக்கும் மேற்பட்ட சாறுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அநேகமாக எல்லாமே தோற்றன. இந்தப் பச்சிலையும் முதலில் ஒருதரம் பலித்து மறுதரம் பொய்த்தது. அப்போது அவர் கெ ஹோங்கின் வரியை மறுபடி வாசித்தார். மற்ற மருந்துகளைப்போல இதைக் காய்ச்சச் சொல்லவில்லை, பிழியச் சொல்லியிருக்கிறது. சூடு பட்டால் சத்து கெடுகிறதோ என்ற சந்தேகத்தில், குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு எடுத்துப் பார்த்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளிடம் முழுமையாக வேலை செய்தது. மறுவருஷம், நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் அவரும் கூட வேலை செய்தவர்களும் தாங்களே அதைச் சாப்பிட்டு விஷமில்லை என்று பார்த்துக்கொண்டார்கள். ஆர்ட்டிமிஸினின் வந்த கதை இது. 2015ல் நோபல் பரிசு கிடைத்தது.

சீனப் பெருமை பேசுகிறவர்கள் கெ ஹோங்கைச் சொல்வார்கள். விஞ்ஞானப் பெருமை பேசுகிறவர்கள் ஈதரைச் சொல்வார்கள். என் மனசில் நிற்பது அந்த வாசிப்பு. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் எழுதிய வாக்கியத்தை, அவன் ஒவ்வொரு சொல்லையும் யோசித்துத்தான் எழுதியிருப்பான் என்று எடுத்துக்கொண்டு வாசித்திருக்கிறார். தோற்றுப்போன மற்ற சாறுகளை எண்ணி வைத்திருந்ததால்தான் பலித்த ஒன்றுக்கு அர்த்தம் கிடைத்தது. மரபுக்குச் செய்யக்கூடிய மரியாதை புகழ்வது அல்ல, இப்படிச் சோதிப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சோதிக்கும்போதுதான் முன்னோர் சொன்னதை ஒரு பேச்சாக மதித்து, உண்மையா என்று கேட்கிறோம். புகழும்போது, குழந்தையின் மழலையைக் கேட்பதுபோலத் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

தோல்வியைக் கூர்ந்து பார்த்ததாலேயே கிடைத்த மருந்தும் உண்டு. நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம். அதன் இலைக் கஷாயம் நீரிழிவுக்கு நல்லது என்று ஜமைக்காவில் குடித்துவந்தார்கள். 1950களில் கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஊசி போட்டபோது எலிகள் சீழ் பிடித்துச் செத்தன. மருந்து பொய் என்று எழுதிவிட்டு எழுந்துபோயிருக்கலாம். ஏன் செத்தன என்று பார்த்தார்கள். வெள்ளையணுக்கள் வற்றிப்போயிருந்தன. வெள்ளையணு தாறுமாறாகப் பெருகுவதுதானே ரத்தப் புற்று. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றுவரை கொடுக்கிற வின்கிறிஸ்டின் இந்தச் செடியிலிருந்துதான் வந்தது. நம் தென் மாவட்டங்களில் அதைப் பயிர் செய்து ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். மரபு சொன்ன வியாதி தவறு. ஆனால் மரபு கை காட்டியிராவிட்டால் அந்த இலையை யாரும் பறித்திருக்க மாட்டார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

அனுபவம் எவ்வளவு நீண்டதானாலும் அதன் கண்ணுக்கு எட்டாதவை உண்டு என்பதற்கு ஆடுதின்னாப்பாளை போதும். பூச்சிக்கும் புண்ணுக்கும் விஷக்கடிக்கும் அதைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்தார்கள். அதன் குடும்பத்துச் செடி ஒன்றின் வேர், வேறொரு சீன மூலிகைக்குப் பதிலாகத் தவறுதலாகக் கலந்து, பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் போய்விட்டது. 1993ல் விஷயம் வெளியே வந்தது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று வந்தது. அந்த வேரில் இருக்கிற அமிலம் நம் ஆடுதின்னாப்பாளையிலும் இருக்கிறது. கொடுத்த மறுநாள் செத்தால் ஊர் கவனித்திருக்கும். பத்து வருஷம் கழித்துச் சிறுநீரகம் சுருங்கினால், பத்து வருஷத்துக்கு முன்னால் குடித்த கஷாயத்தோடு அதை யார் முடிச்சுப் போடுவார்கள்? பெயரைப் பார்த்தால் ஆடுகள் எச்சரித்திருப்பதாகத்தான் தெரிகிறது.

*

இந்த இடத்தில் என் நண்பர் ஒருவர் குறுக்கிடுவார். சோதனை, எண்ணிக்கை என்கிறாயே, அந்தத் தராசு யார் கையில் இருக்கிறது என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான். புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கு 1995ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் ஆதாரமாகக் கொண்டுபோய் வைத்து வாதாடித்தான் 1997ல் அது ரத்தாயிற்று. நம் பாட்டிமார்களின் கை சாட்சியாக எடுபடவில்லை. அச்சில் இருந்ததுதான் எடுபட்டது.

பொதிகையின் மேற்குச் சரிவில் 1987 டிசம்பரில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. செடிகளை ஆராயப் போன விஞ்ஞானிகள் மலையேறிக் களைத்துப்போனார்கள். வழிகாட்டிகளாகப் போன காணிக்காரர்கள் ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். என்ன அது என்று கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார்கள். வற்புறுத்தியபின் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. அதோடு வேறு மூன்று மூலிகைகள் சேர்த்து ஜீவனி என்ற மருந்தாகி, கோவைக் கம்பெனி ஒன்றுக்கு உரிமை கொடுக்கப்பட்டது. கிடைத்த பணத்தில் பாதி காணிக்காரர்களுக்கு என்று தீர்மானமாயிற்று. 1997ல் அவர்களுக்கென ஒரு டிரஸ்ட் பதிவாயிற்று. உலகத்தில் இப்படி நடந்த முதல் சில ஏற்பாடுகளில் ஒன்று என்று பாராட்டினார்கள். பாராட்டு தகும். ஆனால் காணிக்காரர்களுக்குள்ளேயே எல்லோருக்கும் அதில் சம்மதம் இருக்கவில்லை. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார்கள் என்ற வருத்தம் சிலருக்கு இருந்தது. அந்த வருத்தத்துக்கு எத்தனை சதவீதம் ராயல்டி என்று கணக்குப் போட முடியாது.

நண்பர் சொல்வது அத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே இரண்டு கணக்குகள் இருக்கின்றன. யாரிடமிருந்து எடுத்தோம், அவர்களுக்கு என்ன பட்டிருக்கிறோம் என்பது கடன் கணக்கு. இந்தச் செடி இந்த வியாதியை இன்ன நிலையில் தீர்க்குமா என்பது உண்மைக் கணக்கு. ஒன்றில் நமக்கு அநியாயம் நடந்தது என்பதற்காக மற்றதில் நமக்குச் சலுகை கேட்க முடியாது. திருடப்பட்டது என்பதாலேயே ஒன்று மருந்தாகிவிடாது. நாம் அடிக்கடி செய்வது அதுதான். மஞ்சள் வழக்கில் ஜெயித்த உற்சாகத்தில் எல்லாக் கஷாயமும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். தராசு அடுத்தவன் கையில் இருக்கிறது என்றால் நாமும் ஒரு தராசு வைத்துக்கொள்ளலாம். தராசே வேண்டாம் என்பது, நிறுக்கப்படாமல் செத்துப்போகிறவர்களுக்குச் செய்கிற துரோகம். அவர்கள் பெரும்பாலும் ஏழைகள், ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேரத் தொலைவில் இருக்கிறவர்கள்.

தராசு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. தமிழ்நாட்டில் 2012ல் டெங்கு பரவியபோது அரசாங்கமே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. 2020ல் கொரோனாவின்போது கபசுரக் குடிநீர் கொடுத்தது. குடித்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். குடிக்காதவர்களிலும் பெரும்பாலோர் பிழைத்தார்கள். அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றிய அந்த நாட்களில், குடித்தவர் இத்தனை, குடிக்காதவர் இத்தனை, அதில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் இத்தனை என்று தெருவுக்குத் தெரு எழுதி வைத்திருந்தால் நமக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். அனுகூலமான பதிலாகவேகூட இருந்திருக்கலாம். நாம் வரிசையில் நின்று குடித்தோம். பிழைத்தோம். வீட்டுக்குப் போனோம்.

*

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்க முடியாது. இதையெல்லாம் ஒருதரம் அவளிடம் சொல்ல முயன்றேன். அவள் கேட்டாள், "அப்போ நான் அரைச்சுக் குடுத்ததுக்கு அர்த்தமே இல்லைங்கியா?" எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் முழுசாக வராது. பதினொரு வயதில் நான் குடித்தது வெறும் செடியை அல்ல. விடிவதற்கு முன்னால் ஈர வரப்பில் ஒருத்தி குனிந்ததைக் குடித்தேன். எந்த ஆஸ்பத்திரியிலும் அது கிடைக்காது. அதைச் சோதிக்க வெற்று மாத்திரை செய்யவும் முடியாது. அந்த அர்த்தத்தை இல்லை என்று சொல்கிற தைரியம் எனக்கில்லை, இஷ்டமும் இல்லை. ஆனால் அதே அன்பு, அதே குனிதல், 1983ல் அப்பாவை ஐந்து வாரம் வீட்டில் வைத்துக்கொண்டது. அன்பு இருந்தது என்பதால் கல் கரையவில்லை. அன்புக்குக் கண் இருக்க வேண்டும் என்பதுதான் நான் படித்த பாடம். படிக்கக் கொடுத்த விலை என்னுடையது அல்ல, அப்பாவுடையது.

என் வீட்டுக் கொல்லையில் குழாயடி ஈரத்தில் கீழாநெல்லி இன்னமும் முளைக்கிறது. நான் பிடுங்கி எறிவதில்லை. சில மாதங்களுக்கு முன்னால், தெருக்கோடியில் இருக்கிற ஒரு பெண் தன் பையனுக்குக் காமாலை என்று செடி கேட்டு வந்தாள். என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் திகைத்து நின்றேன். பிறகு மலம் என்ன நிறம், அரிப்பு உண்டா, குளிர் உண்டா, எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். ரத்தம் பரிசோதித்து டாக்டர் என்ன வியாதி என்று சொல்லட்டும், அதற்கு முன்னால் எதுவும் கொடுக்காதே என்றேன். "செடி குடுக்க மாட்டீங்களா, தாத்தா?" என்றாள். பறித்துக்கொள், முதலில் ஆஸ்பத்திரி, டாக்டரிடம் இதையும் கேள் என்றேன். அவள் முகத்தில் என்னைப் பற்றிய சந்தேகம் தெரிந்தது.

பையனுக்குச் சரியாகிவிட்டது. செடியாலா என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.